சிகாமணியண்ணன் குடுத்த பில்

சித்த அந்தப் பக்கம் நகந்துக்குவீங்களா? பாத்துங்க, கால்ல பட்டுரும். பித்தளைங்க. மூணடி குத்துவிளக்கு, ஜோடி. இருக்கட்டும், நான் மடியிலயே வெச்சுக்கறேன். சிங்காநல்லூர்ல ஏறுனப்பவே கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கோணும்னாரு. எடுத்துக்கறேன், அதுக்குத் தனியா ஒரு பில்லு குடுத்துருங்கன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுப் போனவருதான், இன்னும் இந்தப் பக்கம் வரல.

நீங்க கரூரா? நான் வெள்ளகோவில்ல எறங்கிருவேன். அங்கொரு கிரகப்பிரவேசம். ஹோமமெல்லாம் விடியக்காலமே முடிஞ்சிருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனாப் போதும்.

நமக்குப் பெயிண்டிங் கான்ட்ராக்ட்டுங்க. சென்னியப்பன்னு கேட்டா ஒண்டிப்புதூர்ல யாரும் சொல்லுவாங்க. காலேஜு, மில்லு, அடுக்குமாடி, எல்லாம் எடுத்துப் பண்றேன். ஜி.எஸ்.டி. நம்பர் இருக்குதுங்க. சும்மா சொல்லல, பிரேம் போட்டு ஊட்டுல மாட்டியிருக்கேன். எங்கூட்டுக்காரி கலாமணி அதுக்குப் பக்கத்துலதான் சாமி படத்தையும் மாட்டியிருக்கா. ரெண்டுக்கும் ஒரே ஊதுபத்தி.

அந்த நம்பர் வாங்குனப்ப ஆடிட்டர் மேடம் ஒண்ணு சொன்னாங்க. சுகிர்தான்னு பேரு. முப்பது வயசுகூட இருக்காது, ஆனா பேச்சப் பாத்தா சர்க்காரே அந்தம்மாகிட்டக் கேட்டுத்தான் நடக்கறாப்பல இருக்கும். "சார், நீங்க வேலை முடிச்சு பில் போடறப்ப பதினெட்டு சதவீதம் வரி வாங்கி சர்க்காருக்குக் கட்டணும். ஆனா பெயிண்ட் வாங்கறப்ப நீங்களும் வரி குடுத்திருப்பீங்கல்ல? அதைக் கழிச்சுட்டு மிச்சத்தக் கட்டினாப் போதும். தொழிலுக்கு வாங்கற எல்லாத்துக்கும் பில் வாங்கி வைங்க"ன்னாங்க.

அடேங்கப்பா, நம்ம காசு நமக்கே திரும்பி வருதான்னு எனக்கு ஒரே சந்தோசமுங்க. அன்னையிலிருந்து பில்லு இல்லாம ஒரு பிரஷ்ஷு வாங்கல. ஏணிக்கு பில்லு, சாரத்துக்கு பில்லு, உப்புத்தாளுக்கு பில்லு. முடி வெட்டுனதுக்குக் கேட்டேன், அவன் கத்திய வெச்சுட்டுச் சிரிச்சான். மாசக் கடைசியில ஒரு பை நிறையக் கொண்டுபோய் அந்தம்மா டேபிள்ல கொட்டுனேன். ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு, பாதிய இந்தப் பக்கம் தள்ளிட்டாங்க.

"இது என்ன சார், பட்டுச்சேலை பில்லு?"

"எங்கூட்டுக்காரிக்கு எடுத்ததுங்க மேடம்."

"இது எப்படி சார் தொழில் செலவு?"

"அதக் கட்டிட்டுத்தானுங்க அவ சோறாக்கறா. நான் சாப்பிட்டாத்தான வேலைக்குப் போக முடியும்?"

சிரிப்பு வரலீங்க அந்தம்மாவுக்கு. சேலைக்கு வராதாம். குடும்பத்தோட ஓட்டல்ல சாப்பிட்டதுக்கு வராதாம். இந்தக் குத்துவிளக்குக்கும் பில்லு வாங்கித்தான் வெச்சிருக்கேன். தொழில் நடக்கற எடத்துக்குத்தான செய்முறை செய்யறோம்? முந்தாநாள் போன்ல கேட்டா, "கிஃப்டுக்கு வராது சார்." அந்தம்மா வாயில வரும்ங்கற வார்த்தையே வராதுங்க.

செரி, அது சில்லறை. விஷயம் பெயிண்ட்டு.

பெயிண்ட்டெல்லாம் சிகாமணியண்ணன் கடையிலதான். தெய்வசிகாமணி. பேர்லயே தெய்வம் இருக்குது பாருங்க. இன்னைக்கு விசேஷம் அவரு ஊட்டுலதான். அவரப் பத்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். பதினாலு வருசத்துக்கு முந்தி நான் கூலிக்குச் செவுத்துக்குப் பட்டி பாத்துட்டிருந்தவன். சட்டை, லுங்கி, தலைமசுரு எல்லாம் சுண்ணாம்பு. எந்தக் கடைக்குப் போனாலும் வாசல்லயே நிறுத்தி, "என்ன வேணும், அங்கிருந்தே சொல்லு"ம்பாங்க. சிகாமணியண்ணன் ஒருத்தருதாங்க, "ஏனுங் கான்ட்ராக்டரே, வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க, உக்காருங்க"ன்னாரு. கான்ட்ராக்டரே! அப்ப நான் கான்ட்ராக்டரே இல்லீங்க. நாற்காலியில சுண்ணாம்பு ஒட்டிருமுங்கன்னேன். "ஒட்டட்டும், தொடச்சுக்கலாம்"னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு, கிளாஸ்ல. அன்னைக்குச் சாயந்தரம் ஊட்டுக்குப் போயி கலாமணிகிட்ட, நான் கான்ட்ராக்ட் எடுக்கப் போறேன்னு சொன்னேன்.

அப்பேர்ப்பட்ட மனுசன். பில்லு கேட்டா மூஞ்சி சுளிக்க மாட்டாரு. கம்ப்யூட்டர் பில்லு, கலர்ல. மேல பிள்ளையாரு, கீழ ரப்பர் ஸ்டாம்பு, வரி தனியா, மொத்தம் தனியா. அந்த பில்லக் கையில வாங்குனாலே ஒரு மரியாதைங்க.

அந்த பில்லத்தான் அந்தம்மா எடுத்து ஓரமா வெச்சாங்க.

"சார், இது கம்ப்யூட்டர்ல வரல."

"கம்ப்யூட்டர்லதாங்க அடிச்சுக் குடுத்தாரு."

"அவர் கம்ப்யூட்டர் இல்ல சார், சர்க்கார் கம்ப்யூட்டர். அவர் உங்ககிட்ட வாங்கின வரியக் கணக்குல காட்டிக் கட்டியிருந்தா உங்க பேருக்கு நேரா இங்க தெரியும். பாருங்க, சைபர்."

திரையத் திருப்பிக் காட்டுனாங்க. சைபர்தான். நான் கண்ணாடி போட்டுப் பாத்தாலும் சைபர்தான்.

"அப்ப இந்தப் பேப்பரு?"

"இது வெறும் பேப்பர் சார். அவர் கட்டினாத்தான் அது வரி."

நீங்களே சொல்லுங்க. காசு குடுத்தது நானு. கையில பில்லு இருக்குது. ஸ்டாம்பு இருக்குது. பிள்ளையாரு வேற இருக்காரு. இது பேப்பராம், அந்த சைபரு நெசமாம். என்ன படிப்போ!

நான் நேரா அண்ணன்கிட்டப் போனேன். அவரு பதறிப் போயிட்டாருங்க. "அப்படியா கான்ட்ராக்டரே? எங்க ஆடிட்டரு காசிக்குப் போயிருக்காரு. வந்த ஒடனே போட்டுருவாரு"ன்னாரு. செரின்னு வந்துட்டேன். அடுத்த மாசம் சர்வர் வேலை செய்யல. அதுக்கடுத்த மாசம் போனுக்கு ஓ.டி.பி. வரல. அதுக்கடுத்த மாசம் அவருக்குக் கண்ணுல ஆப்பரேசன். பாவம், மனுசனுக்கு அடிமேல அடி. ஒரு மாசமாச்சும் நிம்மதியா வரி கட்ட விட்டாங்களா?

ஆனா அந்தம்மா விடல. மாசம் பத்தாந்தேதியானாப் போனு. "சார், அவர் இன்னும் கட்டல." "சார், ஒண்ணு பண்ணுங்க. பெயிண்ட் காச மட்டும் குடுங்க. வரிய நிறுத்தி வைங்க. கம்ப்யூட்டர்ல வந்தப்பறம் குடுங்க."

"அண்ணன் ஏமாத்தறாருன்னு சொல்றீங்களா மேடம்?"

"நான் யாரையும் சொல்லல சார். திரைதான் சொல்லுது."

எப்படி நாசூக்காக் குடும்பத்தப் பிரிக்கறாங்க பாருங்க. இவ்வளவு சொல்றாங்களேன்னு ஒருக்கா நானும் போயி அண்ணன்கிட்ட லேசாக் கேட்டுப் பாத்தேன். வரிய மட்டும் அப்பறமாத் தரட்டுங்களான்னு. அவரு குடிச்சிட்டிருந்த டீய அப்படியே வெச்சுட்டாரு. "நான் உனக்கு அந்நியமாப் போயிட்டனா கான்ட்ராக்டரே?"ன்னாரு. எனக்கு உசுரே போயிருச்சுங்க. அன்னைக்கு வரி மட்டுமில்ல, அடுத்த லோடுக்கும் சேத்துக் காசு குடுத்துட்டு, ஒரு கிலோ மைசூர்பாவும் வாங்கிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். சாப்பிட்டாருங்க. பெரிய மனசு.

அதுக்கு மேல அந்தம்மாகூட நமக்கு ஒத்து வராதுன்னு தெரிஞ்சு போச்சு. பைலத் திருப்பி வாங்கிட்டேன். எங்க வீதியிலயே ஒரு ஜெராக்ஸ் கடை. அந்தக் கடைக்காரரு ஜி.எஸ்.டி.யும் பாக்கறாரு, ஆதார் திருத்தமும் பாக்கறாரு, ஜாதகமும் பாக்கறாரு. அவருகிட்ட பில்லெல்லாம் குடுத்து, கம்ப்யூட்டர்ல சைபர் வருதாம், என்ன பண்ணலாமுங்கன்னேன். "நம்பர்தான சார், நாமளே போட்டுக்கலாம்"னு படபடன்னு அடிச்சு விட்டாரு. அஞ்சு நிமிசம். எரநூறு ரூவா. பாத்துக்கங்க, அவ்வளவு படிச்ச அந்தம்மாவால ஆகாதது எரநூறு ரூவாயில ஆகுது!

பத்து மாசம் ராஜா மாதிரி இருந்தேனுங்க. மாசாமாசம் வரியெல்லாம் கழிஞ்சு போச்சு. அந்தக் காசுல ஊட்டுக்கு மேல தகரக் கொட்டகை போட்டேன். கலாமணிகூட, அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்னு ஒருக்கா சொன்னா. இப்பக் கேட்டா அப்படிச் சொல்லவே இல்லீங்கறா.

பல்லடம் வந்துருச்சாட்ட இருக்குது. தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க. புண்ணியமாப் போகும்.

பதினோராம் மாசம் நோட்டீஸ் வந்துச்சு. ஜெராக்ஸ் கடைக்காரருகிட்டக் காட்டுனேன். ரெண்டு பக்கமும் படிச்சுப் பாத்துட்டு, "ஒரு காப்பி போடட்டுங்களா சார்?"னாரு. அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்சது.

திரும்ப அந்தம்மாகிட்டப் போக எனக்கு அவமானமா இருந்துச்சு. கலாமணிதான் கூட்டிட்டுப் போனா. போனா, நான் சொன்னனே சார்னு ஒரு வார்த்தை சொல்லல அந்தம்மா. அதுதாங்க எனக்கு எச்சா எரிச்சல். சொன்னா நாமளும் ரெண்டு சொல்லலாம். அவங்கபாட்டுக்கு நோட்டீஸப் படிச்சாங்க. "சார், நீங்க கழிச்சுக்கிட்ட வரி ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம். அதைத் திருப்பிக் கட்டணும். வட்டி, அபராதம் தனி. நான் வந்து பேசறேன்"னாங்க.

வரி ஆபீசுக்கு மூணு தடவை போனோம். அந்த ஆபீசரு மரியாதையான மனுசன்தான், உக்காரச் சொன்னாரு. "நான் காசு குடுத்துட்டேன் சார், பில்லு பாருங்க சார்"னு அத்தனையும் எடுத்து மேஜையில அடுக்குனேன். "உங்கள நம்பறேன் சென்னியப்பன், நீங்க குடுத்திருப்பீங்க. ஆனா அது எங்ககிட்ட வரல"ன்னாரு.

"அப்ப வாங்குனவர்கிட்டக் கேளுங்க சார்."

"அவர் அந்தப் பேர்ல இப்பக் கடையே நடத்தல. ரெஜிஸ்ட்ரேஷன சரண்டர் பண்ணிட்டாரு. நீங்கதான் இருக்கீங்க."

நீங்கதான் இருக்கீங்களாம்! இருக்கறவன்கிட்டத்தான் கேப்பாங்களாம். இல்லாமப் போயிருந்தா ஒண்ணுமில்ல.

அந்தம்மா என்னமோ இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்து, பேசி, அபராதத்தக் கொறைச்சாங்க. அப்பவும் எல்லாஞ் சேத்து ரெண்டே முக்கா லட்சங் கிட்ட வந்துருச்சுங்க. வண்டிய வித்தேன். சாமான் கொண்டு போற குட்டியானை, நாலு வருசந்தான் ஆச்சு. பத்தாததுக்குக் கலாமணி வளையல் ரெண்ட அடகு வெச்சேன். கழட்டிக் குடுக்கறப்ப அவ அழுகல. சோப்புப் போட்டுக் கழட்டி, தொடச்சு, டேபிள் மேல வெச்சுட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டா. மூணு தடவை ஆபீசுக்கு வந்ததுக்கு அந்தம்மா பீஸ் வாங்கலீங்க. எத்தனையோ சொல்லியும் வாங்கல. உள்ளுக்குள்ள ஒரு குத்தவுணர்ச்சி இருக்குமுல்லீங்க? கூட ரெண்டு தடவை அழுத்திச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே.

அண்ணனக் கேட்டீங்களாங்கறீங்களா? கேட்டேனுங்க. போனேன். சொன்னேன். அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு. கண்ணு ஆப்பரேசன் வேற பண்ணுனவரு, எனக்கு பயமாயிருச்சு. "என்னால உனக்கு இப்படி ஆயிருச்சே கான்ட்ராக்டரே. சாப்ட்வேர்க்காரன் பண்ணுன வேலை இது. அவனை நான் சும்மா உடமாட்டேன்"னாரு. நாந்தான், உடுங்கண்ணா, போனாப் போகுது, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்கன்னு சமாதானம் பண்ணிட்டு வந்தேன்.

அப்பத்தான் வெள்ளகோவில்ல ஊடு கட்டிட்டிருந்தாரு. சொந்த ஊருல்லீங்க. ரெண்டு மாடி. உள்ள லிஃப்ட்டு. வாசல்ல மட்டும் நாலு தூணு, நான் கட்டிப் புடிச்சாக் கை சேராது. பெயிண்ட்டு வேலைய வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல கான்ட்ராக்டரே, நீதான் பண்ணோணும்னாரு. என்னோட வண்டி போன நேரம், கையில வேலையும் இல்ல. அஞ்சாளுங்களோட போயி ரெண்டு மாசம் அங்கயே தங்கிப் பண்ணுனேன். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு வேலை. கண்ணாடி மாதிரி செவுரு. வர்றவங்ககிட்டயெல்லாம், "நம்ம கான்ட்ராக்டர் பண்ணது"ன்னு தோள்மேல கை போட்டுச் சொல்லுவாரு. ஆளுங்களுக்குக் கூலி நாந்தான் குடுத்தேன். கணக்கு அப்பறம் பாத்துக்கலாம், நமக்குள்ள எதுக்கு பில்லுன்னுட்டாரு. அதுவுஞ் செரிதான.

கலாமணிய இன்னைக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா. "நம்மூட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் எதுக்கு விருந்தாளி மாதிரி போகோணும்?"ங்கறா. பொறாமைங்க. பொம்பளைங்களுக்கு அடுத்தவங்க ஊடு கட்டுனா ஆகாது.

இந்தாங்க, பத்திரிக்கை. பாருங்க, வெல்வெட்டு. கீழ கடைப் பேரு போட்டிருக்கும் பாருங்க, புதுப் பேரு. அவரு சம்சாரம் பேர்ல ஆரம்பிச்சிருக்காரு. பழைய பேரு ராசியில்லைன்னு ஜோசியர் சொன்னாராம். ஏனுங்க, என்னமோ சொல்ல வர்றீங்க? நானும் அதேதான் நெனச்சேன், அந்தப் பேர்ல இருந்தப்பத்தான எனக்கும் கஷ்டமாச்சு.

இப்ப அவிநாசிப் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல் வேலை கெடச்சிருக்குது. நல்ல வேலை, இதப் பண்ணுனா வளையலத் திருப்பிரலாம். காலேஜுல அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் குடுத்தாங்க. அப்படியே கொண்டுபோய் அண்ணன்கிட்டக் குடுத்துட்டேன், பெயிண்ட்டுக்கு. புதன்கெழமை லோடு எறக்கறேன்னிருக்காரு. புதுக் கடை, புது ஜி.எஸ்.டி. நம்பர், காசு வாங்குன கையோட புது பில்லு. அந்த பில்லப் படம் புடிச்சு முந்தாநாள் அந்தம்மாவுக்கு அனுப்பிச்சு உட்டேன். இப்பப் பாருங்க மேடம், கம்ப்யூட்டர்ல வருதா இல்லையான்னு. கொஞ்சம் ரோசந்தான்.

இருங்க, போனு. பேரச் சொன்னா ஆயுசு நூறுங்கற மாதிரி அந்தம்மாவேதான். ஞாயித்துக்கெழமைகூட உடமாட்டேங்கறாங்க பாருங்க.

"சொல்லுங்க மேடம்... பஸ்ல இருக்கனுங்க... ஆமா, அந்த பில்லுதான்... பாத்தீங்களா?... என்னது?... சத்தமாச் சொல்லுங்க, பஸ் எரைச்சல்... என்ன தீவனம்?... கோழித்தீவனமா?... இல்லீங்களே, பெயிண்ட் கடைங்க அது... நம்பர் நல்லாப் பாத்து அடிச்சீங்களா?... மூணு தடவையா?... ம்... ம்... இல்லீங்க, குடுத்தாச்சுங்க... முழுசுந்தாங்க... ம்... செரிங்க மேடம். வெக்கறேனுங்க."

ஒண்ணுமில்லீங்க. அந்த நம்பரக் கம்ப்யூட்டர்ல போட்டா, நாமக்கல்லுல இருக்கற ஏதோ ஒரு கோழித்தீவனக் கம்பெனி பேரு வருதாம். பெயிண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம்.

அண்ணன் தீவன வியாபாரமும் பண்றாரு போல இருக்குது. எங்கிட்டச் சொல்லவே இல்ல.

...

பிரிண்ட்டுல ஒரு எழுத்து மாறியிருக்கும். அந்த சாப்ட்வேர்க்காரன் இருக்கானே. அவனையே திரும்ப வெச்சிருக்காராட்ட இருக்குது.

உடனே போயி காசத் திருப்பி வாங்குங்க சார்ங்கறாங்க அந்தம்மா. இன்னைக்கேவாம். விசேஷ ஊட்டுல, நாலு பேரு மாலையும் கழுத்துமா நிக்கற எடத்துல, குத்துவிளக்கக் கையில புடிச்சுட்டு, அண்ணா என்ற ஒன்றரை லட்சத்தக் குடுங்கன்னு கேக்கறதுங்களா? அவரு தட்டக் கீழ வெச்சுட்டு என்னையே பாப்பாரு. அத எப்படிங்க தாங்கறது?

வெள்ளகோவில்! கண்டக்டரே, வெள்ளகோவில் எறக்கம், ஆளிருக்குது! ஒரு கை புடிங்க, ஒரு விளக்க எடுத்துக் குடுங்க. அவ்வளவுதான், நான் பாத்துக்கறேன்.

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. நானும் ரொம்ப நேரமாப் பாத்துட்டுத்தான் வர்றேன், சொல்லோணும் சொல்லோணும்னு வாயெடுக்கறீங்க, நாந்தான் எடங் குடுக்கல.

வேண்டாமுங்க. சொல்லிப் போடாதீங்க. சாப்பிட்டு வந்தர்றேன்.